மூளைக்கட்டி சிகிச்சையும் அன்றாட வாழ்க்கையும்

மூளைக்கட்டி சிகிச்சைக் கால அன்றாட வாழ்க்கை என்பது, மூளையில் தோன்றிய கட்டிக்கு அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகியவற்றால் சிகிச்சை பெறும் ஒருவர் அச்சிகிச்சை நடைபெறும் வாரங்களிலும் மாதங்களிலும் தம் உணவு, உறக்கம், வேலை, பயணம், உறவு ஆகியவற்றை அமைத்துக்கொள்ளும் முறையைக் குறிக்கும். இச்சிகிச்சையின் பெரும்பகுதி இன்று மருத்துவமனைப் படுக்கையில் நடைபெறுவதில்லை, வீட்டில் நடைபெறுகிறது. மருந்தை நேரத்துக்கு உட்கொள்ள நினைவூட்ட வேண்டிய உறுப்பே நோயுற்றிருப்பது பிற புற்றுநோய்களிலிருந்து இதனை வேறுபடுத்தும் முதன்மையான கூறாகும். எனவே நோயாளியின் நாளைத் தாங்கிப் பிடிக்க நாட்குறிப்பு, மாத்திரைப் பெட்டி, உடனிருப்பவர் ஆகிய புறத்துணைகள் தேவைப்படுகின்றன.

மூளைக்கட்டிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. இக்கட்டுரை, பெரியவர்களுக்கு ஏற்படும் தீவிரமான மூளைக்கட்டியாகிய கிளையோபிளாஸ்டோமாவுக்கான சிகிச்சையை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது.

பின்னணி

மூளையிலேயே தோன்றும் கட்டிகள் முதனிலைக் கட்டிகள் எனவும், நுரையீரல், மார்பகம் முதலிய உறுப்புகளிலிருந்து பரவி வருபவை இரண்டாம்நிலைக் கட்டிகள் எனவும் வழங்கப்படுகின்றன. உலக சுகாதார அமைப்பின் வகைப்பாடு இவற்றின் தீவிரத்தை 1 முதல் 4 வரையான தரங்களாகப் பிரிக்கிறது. கிளையோபிளாஸ்டோமா 4ஆம் தரத்தைச் சேர்ந்தது. மூளையுறையில் தோன்றும் மெனிஞ்சியோமா போன்ற கட்டிகள் பலவற்றை அறுவையால் மட்டுமே நீக்கிவிட இயலும். கிளையோபிளாஸ்டோமாவின் உயிரணுக்களோ நலமான மூளைத் திசுவுக்குள் நூலிழைகள் போல ஊடுருவி இருப்பதால், கண்ணுக்குத் தெரியும் கட்டி முழுவதையும் எடுத்த பின்னரும் நோய் எஞ்சி நிற்கிறது. அறுவையைத் தொடர்ந்து பல மாதங்கள் கதிர்வீச்சும் மருந்தும் தேவைப்படுவதற்கு இதுவே காரணமாகும்.

வரலாறு

1884ஆம் ஆண்டில் லண்டனில் ரிக்மன் காட்லீ என்னும் அறுவை மருத்துவர் மூளைக்கட்டி ஒன்றை அகற்றினார். நோயாளி ஏறத்தாழ ஒரு மாதமே உயிர் வாழ்ந்தார். தொற்று அவரது உயிரைப் பறித்தது. அக்காலத்தில் சிகிச்சைக் கால வாழ்க்கை என்பது மருத்துவமனை வாழ்க்கையாகவே இருந்தது.

இந்நிலையை மாற்றிய நிகழ்வுகளில் மூன்று குறிப்பிடத்தக்கவை. 1961இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவர்கள் காலிசிச், பிரெஞ்சு ஆகியோர், கட்டியைச் சுற்றி ஏற்படும் மூளை வீக்கத்தை டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு குறைப்பதை வெளியிட்டனர். தலைவலியாலும் மயக்கத்தாலும் படுத்திருந்தவர்கள் எழுந்து நடமாட இம்மருந்து வழி செய்தது. 1971இல் லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் மூளைக்கட்டி இருப்பதாக ஐயுறப்பட்ட பெண் ஒருவருக்கு முதல் சி.டி. வரைவு எடுக்கப்பட்டது. இதன்பின் மண்டையோட்டைத் திறக்காமலே கட்டியைக் காணவும், அதன் போக்கைக் கண்காணிக்கவும் முடிந்தது. 1999இல் டெமோசோலோமைடு என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. இதனை வாய்வழியே வில்லையாக (கேப்சூல்) உட்கொள்ளலாம் என்பதால் வேதிச்சிகிச்சையின் (கீமோதெரபி) பெரும்பகுதி வீட்டுக்கு இடம்பெயர்ந்தது.

2005இல் ரோஜர் ஸ்டப் தலைமையிலான குழு 573 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் வெளியாயின. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 12.1 மாதங்களாகவும், கதிர்வீச்சுடன் டெமோசோலோமைடும் பெற்றவர்களுக்கு அது 14.6 மாதங்களாகவும் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தவர்கள் முறையே 10.4, 26.5 விழுக்காட்டினர். இவ்வெண்கள் ஒரு கூட்டத்தின் நடுப்புள்ளியைக் காட்டுவன. தனி ஒருவரின் முடிவை முன்கூட்டிக் கூறுவன அல்ல. எனினும், காலம் அளவானது என்பதனால் சிகிச்சை நாட்களை எவ்வாறு வாழ்வது என்னும் கேள்வி, சிகிச்சைக்கு அடுத்ததாக வைக்கத்தக்க கேள்வியன்று என்பதை இவை உணர்த்துகின்றன.

சிகிச்சைக் காலத்தின் அமைப்பு

வழக்கமான சிகிச்சை பின்வரும் கட்டங்களைக் கொண்டது.

- அறுவை: இயன்ற அளவு கட்டி அகற்றப்படும். எடுக்கப்பட்ட திசு ஆய்வுக்கு அனுப்பப்படும். காயம் ஆறச் சில வாரங்கள் விடப்படும்.
- முதல் ஆறு வாரங்கள்: திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 2 கிரே வீதம் 30 நாட்களில் மொத்தம் 60 கிரே கதிர்வீச்சு. உடன் டெமோசோலோமைடு.
- இடைவெளி: ஏறத்தாழ நான்கு வாரங்கள்.
- அடுத்த ஆறு சுற்றுகள்: 28 நாட்கள் கொண்ட ஒவ்வொரு சுற்றிலும் முதல் 5 நாட்கள் மட்டும் டெமோசோலோமைடு, கூடிய அளவில்.

முதல் ஆறு வாரங்களில் கதிர்வீச்சுக்கு வார இறுதி விடுமுறை உண்டு, வில்லைக்கு இல்லை. மருத்துவமனைக்குச் செல்லாத சனி, ஞாயிறுகளில் வில்லை மறக்கப்படுவது எளிதில் நேரக்கூடியது. முதியவர்களுக்கும் உடல் நலிந்தவர்களுக்கும் 15 நாட்களில் 40 கிரே என்னும் குறுகிய முறை பின்பற்றப்படுவதுண்டு. இதனால் மருத்துவமனைக்குச் செல்லும் நாட்கள் பாதியாகக் குறைகின்றன.

கதிர்வீச்சு நாட்கள்

கதிர்கள் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் விழுவதற்காகத் தலை அசையாமல் இருக்க வேண்டும். இதற்கென நெகிழித் தகடு ஒன்றை வெந்நீரில் இளக்கி நோயாளியின் முகத்தின் மீது அழுத்துவர். சில மணித்துளிகளில் அது முகத்தின் வடிவிலேயே இறுகி முகமூடியாகிவிடும். ஒவ்வொரு நாளும் இம்முகமூடி அணிவிக்கப்பட்டு மேசையுடன் பொருத்தப்படும். மேசையில் படுத்திருக்கும் நேரம் பெரும்பாலும் 10 முதல் 20 மணித்துளிகள். அதிலும் கதிர் பாயும் நேரம் சில மணித்துளிகளே. வலி இராது. சிலர் நீலநிற ஒளியைக் காண்பதாகவும், சிலர் இனம் தெரியாத மணத்தை உணர்வதாகவும் கூறுவர். மூடிய இடத்தில் அச்சம் உடையவர்களுக்கு முகமூடியில் கண்களுக்கான திறப்புகளை வெட்டித் தரவும், மெல்லிய மயக்கமருந்து அளிக்கவும் இயலும். அச்சத்தை முதல் நாளே தெரிவித்தல் நன்று.

இரண்டு மூன்று வாரங்களில் கதிர் நுழையும், வெளியேறும் இடங்களில் மட்டும் முடி உதிரத் தொடங்கும். தலை முழுவதும் கதிர் பெறாதவருக்குத் திட்டுத்திட்டாக உதிரும். முடி மீண்டும் வளரச் சில மாதங்கள் ஆகும்; கதிர் மிகுதியாகப் பட்ட இடத்தில் அடர்த்தி குறையலாம். தலையை இளஞ்சூட்டு நீரிலும் மென்மையான சவர்க்காரத்திலும் அலசலாம். எண்ணெய், களிம்பு முதலியவற்றைச் சிகிச்சைக் குழுவினரைக் கேட்காமல் பூசுதல் கூடாது. வெயிலில் செல்லும்போது பருத்தித் துணியோ தொப்பியோ அணிதல் வேண்டும்.

ஆறு வாரங்கள் நாள்தோறும் செல்ல வேண்டியிருப்பதால் தொலைவூர்களில் வசிப்போர் மருத்துவமனைக்கு அருகில் அறை எடுத்துத் தங்க நேர்கிறது. உடன் ஒருவரும் வேலையை விட்டுத் தங்க வேண்டியிருக்கும். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவர் ஒருவருக்கும் இந்திய இரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது.

மருந்துகளும் நேரமும்

இக்காலத்தில் ஒருவர் உட்கொள்ளும் மருந்துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி உண்டு. அவ்விதிகள் ஒன்றுக்கொன்று முரண்படவும் செய்யும்.

டெமோசோலோமைடு வெறும் வயிற்றில் உட்கொள்ளப்படுகிறது. முதல் கட்டத்தில் இதன் அளவு உடற்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம். உடற்பரப்பு 1.7 சதுர மீட்டர் உடையவருக்கு இது ஏறத்தாழ 125 மில்லிகிராம் ஆகும். இதற்கு 100, 20, 5 மில்லிகிராம் வில்லைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து உட்கொள்வர். வில்லையைத் திறக்கவோ மெல்லவோ கூடாது. உடைந்த வில்லையின் தூள் பிறர் தோலிலும் படலாகாது. குமட்டலைத் தடுக்க ஒண்டான்செட்ரான் போன்ற மாத்திரை அரை மணி நேரம் முன்னதாகத் தரப்படும்.

டெக்சாமெத்தசோன் இதற்கு மாறாக உணவுடன் உட்கொள்ளப்பட வேண்டும். மாலையில் உட்கொண்டால் உறக்கம் கெடும் என்பதால் காலையிலும் நண்பகலிலும் தரப்படுகிறது. லெவெடிராசிட்டம் போன்ற வலிப்புத் தடுப்பு மருந்து 12 மணி நேர இடைவெளியில் இருவேளை தரப்படும். நுரையீரல் தொற்றைத் தடுக்க வாரத்தில் மூன்று நாட்கள் மட்டும் கோட்ரைமாக்சசோல் தரப்படுவதும் உண்டு.

காலை 10 மணிக்குக் கதிர்வீச்சு உள்ள ஒருவரின் நாள் பின்வருமாறு அமையலாம்.

- 6.30: சிற்றுண்டி, டெக்சாமெத்தசோன், வலிப்புத் தடுப்பு மருந்து
- 8.30: குமட்டல் தடுப்பு மாத்திரை
- 9.00: டெமோசோலோமைடு
- 10.00: கதிர்வீச்சு
- 11.00: வீடு திரும்புதல், உணவு, ஓய்வு
- 1.00: நண்பகல் உணவு, டெக்சாமெத்தசோன்
- 6.30: வலிப்புத் தடுப்பு மருந்து

நலமான ஒருவருக்கே எளிதில் பிசகக்கூடிய இவ்வட்டவணையை நினைவாற்றல் குறைந்தவர் தாமே நடத்த முடியாது. கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி, சுவரில் ஒட்டிய தாள், உட்கொண்டதும் குறியிடும் ஏடு ஆகியவை இதனால் சிகிச்சையின் பகுதிகளாகவே கருதத்தக்கவை. தவறவிட்ட வில்லைக்கு ஈடாக அடுத்த நாள் இரட்டிப்பாக உட்கொள்ளுதல் கூடாது.

ஸ்டீராய்டின் விளைவுகள்

நோயைக் காட்டிலும் ஸ்டீராய்டே அன்றாட வாழ்வை மிகுதியாக மாற்றுவதுண்டு. பசி அளவின்றிப் பெருகும், முகம் உருண்டு பருக்கும், குருதிச் சர்க்கரை உயரும், உறக்கம் குறையும், சினமும் படபடப்பும் தோன்றும். தொடைத் தசைகள் வலுவிழப்பதால் தரையிலிருந்து எழுதல், படியேறுதல், குந்தி அமரும் கழிப்பறையைப் பயன்படுத்துதல் ஆகியவை கடினமாகும். உயரமான நாற்காலி, கழிப்பறையில் கைப்பிடி, தரையில் பாய்க்கு மாற்றாகக் கட்டில் போன்ற சிறு மாற்றங்கள் விழுதலைத் தடுக்கின்றன. உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு, மருந்தின் காரணமாகக் குறைந்துவிடுவதால் இம்மருந்தைத் திடீரென நிறுத்துதல் ஆபத்தானது. மருத்துவர் கூறும் படிமுறையிலேயே குறைக்க வேண்டும்.

வலிப்பு

மூளைக்கட்டி உடையோர் பலருக்கு வலிப்பு ஏற்படுகிறது. சிலருக்கு அதுவே நோயின் முதல் அறிகுறி. உடல் முழுவதும் வெட்டி இழுப்பது ஒரு வகை மட்டுமே; ஒரு கை மட்டும் துடித்தல், சில நொடிகள் வெறித்து நோக்குதல், பேச்சு திடீரென நின்றுபோதல் ஆகியவையும் வலிப்பின் வகைகளே.

வலிப்பின்போது நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். அருகிலுள்ள கூரிய பொருட்களை அகற்ற வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிக்க வேண்டும். வாயில் துணியோ கரண்டியோ நீரோ இடுதல் கூடாது. கையில் இரும்பைக் கொடுக்கும் வழக்கத்தால் பயன் எதுவும் இல்லை. கூரிய இரும்பு காயத்தையும் ஏற்படுத்தும். வலிப்பு 5 மணித்துளிகளுக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பும் முன் மீண்டும் வந்தாலோ உடனே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

குளியலறைக் கதவை உள்ளே தாழிடாமல் இருத்தல், ஏணியில் ஏறாதிருத்தல், தனியே நீந்தாதிருத்தல், அடுப்பருகே தனித்து நில்லாதிருத்தல் ஆகியவை வழக்கமான முன்னெச்சரிக்கைகள் ஆகும்.

உணவும் தொற்றும்

மருந்து எலும்பு மச்சையைத் தாக்குவதால் குருதியில் வெள்ளையணுக்களும் சிறுதட்டுகளும் குறையும். முதல் கட்டத்தில் வாரந்தோறும் குருதி ஆய்வு செய்யப்படுகிறது. பிந்தைய கட்டத்தில், ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் நியூட்ரோஃபில் வகை வெள்ளையணுக்கள் 1,500க்கும், சிறுதட்டுகள் 1,00,000க்கும் குறையாதிருந்தாலே அடுத்த சுற்று தொடங்கப்படும். எண்ணிக்கை குறைந்தால் சுற்று தள்ளிவைக்கப்படும். இது நோய் முற்றியதன் அறிகுறியன்று. 38 பாகை செல்சியசைத் தாண்டும் காய்ச்சல் இக்காலத்தில் காத்திருக்கத்தக்கதன்று. அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

கொதித்தாறிய நீர், அன்றன்று சமைத்த உணவு ஆகியவை ஏற்றவை. குமட்டல் தடுப்பு மருந்தும் டெமோசோலோமைடும் மலச்சிக்கலை உண்டாக்குவதால் நார்ச்சத்தும் நீரும் தேவை. சர்க்கரையை நிறுத்தினால் கட்டி கரையும் என்பன போன்ற கருத்துகளுக்குச் சான்று இல்லை. மூலிகை மருந்துகள் சில ஈரலையும் பிற மருந்துகளின் செயலையும் பாதிக்கக்கூடும் என்பதால் எதை உட்கொண்டாலும் மருத்துவரிடம் மறைக்கலாகாது.

களைப்பு

இச்சிகிச்சையில் ஏற்படும் களைப்பு, உறங்கி எழுந்தால் நீங்கும் களைப்பன்று. கதிர்வீச்சின் பிற்பகுதியில் மிகுந்து, அது முடிந்த பின்னும் சில வாரங்கள் நீடிக்கும். சிகிச்சை முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் படுத்திருக்கிறார் என்று வீட்டார் ஐயுறுவது இக்கட்டத்திலேதான். நாளின் வலுவான நேரத்தை அறிந்து, முதன்மையான ஒரு வேலையை அந்நேரத்துக்கு ஒதுக்குதல், பகல் உறக்கத்தை அளவோடு வைத்தல், இயன்ற அளவு நடத்தல் ஆகியவை பயன் தருகின்றன.

நினைவு, மொழி, நடத்தை

எந்தச் செயல் பாதிக்கப்படும் என்பதைக் கட்டியின் இடம் தீர்மானிக்கிறது. இடப்பக்க மூளையின் மொழிப் பகுதி பாதிக்கப்பட்டால் சொல் நாவில் வராது. பல மொழி அறிந்தவரிடம் ஒரு மொழி கூடுதலாகவும் மற்றொன்று குறைவாகவும் பாதிக்கப்படுவது உண்டு. வலப்பக்கப் பக்கமடல் பாதிக்கப்பட்டவர் தட்டின் இடப்பாதியில் உள்ள சோற்றை உண்ணாமலே எழுந்துவிடலாம். பார்வை நலமாக இருப்பினும் அப்பக்கம் ஒன்று இருப்பதையே அவர் உணர்வதில்லை. முன்மடல் பாதிக்கப்பட்டவர் முனைப்பு இழந்து நாள் முழுவதும் வாளாவிருக்கலாம், அல்லது பண்பற்ற சொற்களைப் பேசலாம்.

குடும்பத்தைப் பெரிதும் வருத்துவது இந்நடத்தை மாற்றமே. சோம்பல் என்றும் வன்மம் என்றும் தோன்றுபவை நோயின் விளைவாகவோ, ஸ்டீராய்டின் விளைவாகவோ, எரிச்சலை ஏற்படுத்தக்கூடிய லெவெடிராசிட்டத்தின் விளைவாகவோ இருக்கலாம். பிந்தைய இரண்டையும் மருந்தளவை மாற்றிச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. எனவே இத்தகைய மாற்றங்களைக் குடும்பத்துக்குள் மறைக்காமல் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். நோயாளி தம் மாற்றத்தைத் தாமே உணராதிருக்கக்கூடும் என்பதால் உடனிருப்பவரின் சொல் இங்கு மருத்துவச் சான்றாகிறது.

ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேட்டல், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசுதல், விடை கூறக் காத்திருத்தல், பொருட்களை எப்போதும் ஒரே இடத்தில் வைத்தல் ஆகிய எளிய வழிகள் உதவுகின்றன.

வேலையும் பயணமும்

வலிப்பு வந்தவர்கள் ஊர்தி ஓட்டுவதற்குப் பல நாடுகளில் தடை உண்டு. பிரித்தானியாவில் கிளையோபிளாஸ்டோமா உடையவர் சிகிச்சை முடிந்து குறைந்தது 2 ஆண்டுகள் ஓட்டலாகாது. இந்தியாவில் ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதி உறுதிமொழிப் படிவத்தில் வலிப்பு குறித்துக் கேட்கப்படுகிறது. ஈருருளியை இழப்பது பலருக்கு வேலையையும், கடைக்குத் தனியே செல்லும் உரிமையையும் இழப்பதாகிறது.

சிகிச்சைக்கு இடையில் பணியாற்றியவர்களும் உள்ளனர். கனடாவின் 'தி டிராஜிக்கலி ஹிப்' இசைக்குழுவின் பாடகர் கார்ட் டவுனி, கிளையோபிளாஸ்டோமாவுக்கு அறுவையும் கதிர்வீச்சும் வேதிச்சிகிச்சையும் பெற்றபின் 2016 சூலை, ஆகத்து மாதங்களில் கனடா முழுவதும் பயணம் செய்து பாடினார். நினைவிழப்பின் காரணமாகப் பாடல் வரிகளைக் காட்டும் திரைகள் மேடையில் வைக்கப்பட்டிருந்தன. அவர் 2017 அக்டோபரில் காலமானார். பிரித்தானிய அரசியலாளர் டெஸ்ஸா ஜோவல், இந்நோயுடன் 2018 சனவரியில் பிரபுக்கள் அவையில் மூளைப் புற்றுநோயாளிகளுக்காகப் பேசினார். அதே ஆண்டு மே மாதம் காலமானார்.

புதிய சிகிச்சைகள்

தலையில் ஒட்டப்படும் மின்வாய்த் தட்டுகள் வழியாக மின்புலம் செலுத்தும் கருவி, மீண்டும் வந்த கட்டிக்கு 2011இலும் புதிய கட்டிக்கு 2015இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நாளுக்கு 18 மணி நேரமாவது அணிய வேண்டும். தலையை மழித்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்கலத்தைத் தோளில் சுமக்க வேண்டும். உறக்கமும் உடையும் வெளியே செல்லுதலும் இதற்கேற்ப மாறுவதால் இதனை ஏற்பதா என்பதை நோயாளியே முடிவு செய்ய வேண்டியதாகிறது. 2024இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வோராசிடெனிப் என்னும் நாள்மாத்திரை, குறிப்பிட்ட மரபணு மாற்றம் கொண்ட 2ஆம் தரக் கட்டிகளுக்கு உரியது, கிளையோபிளாஸ்டோமாவுக்கு உரியதன்று.

வரைவுகளும் காத்திருத்தலும்

கதிர்வீச்சு முடிந்து சில வாரங்களில் எடுக்கப்படும் முதல் எம்.ஆர்.ஐ. வரைவில் கட்டி பெருத்ததுபோல் தோன்றலாம். கதிர்வீச்சால் ஏற்பட்ட வீக்கமும் அத்தோற்றத்தைத் தரக்கூடும். இது பொய் வளர்ச்சி எனப்படுகிறது. முதல் மூன்று மாதங்களில் ஒரே வரைவைக் கொண்டு முடிவு செய்யாமல், சில வாரங்கள் கழித்து மீண்டும் வரைவு எடுத்து ஒப்பிடுவது வழக்கம். இக்காத்திருத்தல் கடினமானது. அடுத்த வரைவு வரையுள்ள இரண்டு மூன்று மாதங்களை ஒரு அலகாகக் கொண்டு திருமணம், பயணம் முதலியவற்றைத் திட்டமிடும் குடும்பங்கள் பல.

முன்கூட்டிய முடிவுகள்

முடிவெடுக்கும் ஆற்றலையே நோய் பாதிக்கக்கூடும் என்பதால் சில செய்திகளை நோயாளி தெளிவாக இருக்கும்போதே பேசிவிடுதல் நன்று. வங்கிக் கணக்கு, சொத்து, விருப்ப உறுதி, பிள்ளைகளின் பொறுப்பு ஆகியவை இவற்றுள் அடங்கும். டெமோசோலோமைடு கருவுக்குத் தீங்கு விளைவிக்கும் என்பதாலும் மலட்டுத்தன்மையை ஏற்படுத்தக்கூடும் என்பதாலும், பிள்ளைப்பேற்றை விரும்புவோர் விந்து அல்லது கருமுட்டைச் சேமிப்புக் குறித்துச் சிகிச்சைக்கு முன்பே கேட்க வேண்டும். இறுதிக்காலத்தில் எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது; அதற்கான நடைமுறையை 2023இல் எளிமையாக்கியது.

தணிப்பு மருத்துவம் இறுதி நாட்களுக்கு மட்டும் உரியதன்று. தலைவலி, குமட்டல், உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றைக் குறைக்க அது சிகிச்சையின் தொடக்கத்திலேயே இணைக்கப்படலாம். உடனிருந்து பார்ப்பவர் இரவும் பகலும் விழித்திருப்பதால் அவரது உடலும் சோர்கிறது. வாரத்தில் சில மணி நேரமாவது மற்றொருவர் அப்பொறுப்பை ஏற்றல் நோயாளிக்கும் பாதுகாப்பாகும். அவ்வாறு மாறும் வேளையில், மாத்திரைக் குறிப்பேட்டையும் வலிப்பு முதலுதவி விதிகளையும் அவரிடம் ஒப்படைத்துச் செல்ல வேண்டும்.